அவர் கேட்டதும் நாங்கள் தலையாட்டியதும்

"சாமியாருக்குப் பொஞ்சாதியா?" என்று கேட்ட என் அம்மா, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

துணை நர்ஸ் படிப்பு முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு வேலைக் கடிதம் வந்த நாள் அது. அறுபதுகளின் கடைசி. பொம்மிடிப் பக்கம் எங்கள் ஊர் முழுக்கக் கத்தோலிக்கக் குடியானவர்கள். வெள்ளைக்காரச் சாமியார்களை நாங்கள் பார்த்திருக்கிறோம், எல்லாரும் ஒண்டிக்கட்டைகள். இந்தக் கடிதத்திலோ கணவனும் மனைவியுமாக இரண்டு மிஷனரிகளின் கையெழுத்து இருந்தது.

"அவுங்க வேற சபை. அவுங்கள்ல கட்டிக்குவாங்க" என்றார் அப்பா. "இவரு பூசை வெக்கிறவரும் இல்ல. அவுங்க ஊருல வாத்தியாரா இருந்தவராம். அந்தம்மா நர்சு. ரெண்டு பேரும் ரிட்டயர்டு ஆயி வந்துருக்காங்க."

அம்மாவுக்கு அது இன்னும் பெரிய அதிர்ச்சி. "ரிட்டயர்டு ஆயியா? அந்த வயசுல எதுக்கு இங்க வர்றாங்க? பெத்த புள்ளைங்க தொரத்திட்டாங்களா?"

அதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் பாப்பாரப்பட்டியில் பஸ் இறங்கி, பென்னாகரம் போகும் சாலையில் ஒரு மைல் நடந்தேன். ஓட்டு வீடு ஒன்று, பக்கத்தில் இரண்டு அறைகள் கொண்ட மருந்தகம், நடுவில் கிணறு. கிணற்றடித் துவைகல்லில் அறுபத்தாறு வயது வெள்ளைக்காரர் ஒருவர் பெண்பிள்ளை உள்பாவாடையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியோடு நின்றுவிட்டேன். தண்ணீருக்கு வந்த பெண்கள் அதற்குள் பழகிவிட்டிருந்தார்கள் போலும், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தார்கள்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தில் படித்த தமிழில் சொன்னார்: "வாருங்கள் சகோதரியே. அவள் நோயாளிகளைக் கவனிக்கிறாள். ஆகையால் நான் துவைக்கிறேன்."

அவரை நான் ஐயா என்று கூப்பிட்டேன். அவர் மனைவியை ஊரார் துரைசானியம்மா என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவர்கள் கனடாவில் கோதுமை விளையும் பக்கத்தவர்கள். துரைசானியம்மா நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஐயாவுக்கு வாய்க்காத தமிழ் அவருக்கு வாய்த்திருந்தது. எங்கள் ஜனங்கள் பேசுகிற மாதிரியே, "என்னாம்மா, எத்தினி நாளா வவுத்து வலி? வூட்டுல வேற யாருக்கும் இருக்குதா?" என்று கேட்பார். முதல் தடவை வருகிறவர்கள் குரல் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு அந்த வீட்டில் நாளுக்கு ஒரு அதிர்ச்சி. விடிந்ததும் ஐயா எழுந்து ஸ்டவ் பற்றவைத்து, காப்பி கலந்து, மனைவியின் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். பிறகு இருவரும் முட்டிபோட்டு ஜெபம் செய்வார்கள். ஊர்ப் பெயர்களும் நோய்களுமாக ஒரு பட்டியலே ஓடும்: "காலில் புண் உள்ள வண்டிக்காரர்", "மலையடிவாரத்துக் கர்ப்பிணி". என் பல்வலிக்காகக்கூட ஒரு நாள் ஜெபித்தார்கள். சேசுவிடம் என் பல்லைப் பற்றிப் பேசலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

மதியம் களி. எல்லைப்பக்கத்திலிருந்து வந்து சமையல் செய்த அம்மாள் ஒருவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், கேழ்வரகுக் களி கிண்டி வைப்பார். துரைசானியம்மா குழம்பில் தோய்த்து லாகவமாக விழுங்குவார். ஐயா கரண்டியால் வெட்டி எடுத்து மென்று தின்பார். களியை மென்று தின்றவரை நான் அங்கேதான் பார்த்தேன். "அய்யோ, பல்லுல ஒட்டிக்குமே!" என்று சமையற்காரம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

புதன்கிழமைகளில் ஜீப்பில் வத்தல்மலை அடிவாரத்துக்குப் போவோம். மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டு இறங்குகிறவர்கள் எங்களுக்காகப் புளியமரத்தடியில் காத்திருப்பார்கள். மற்ற நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோவார்கள், கையைக் கோத்துக்கொண்டு. டவுன் பஸ்ஸின் ஒரு பக்கத்து ஜனம் முழுவதும் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கும். நான் வெட்கத்தில் உள்ளே போய்விடுவேன்.

மூன்றாவது வருஷம் ஐயாவின் நடவடிக்கை மாறியது. அதுவரை மருந்தகத்துக்குள் அதிகம் வராதவர், தினமும் எட்டு மணிக்கு முன்னால் வந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்து வைத்தார். பெரிய எழுத்தில் புதிய லேபிள்கள் எழுதி ஒட்டினார். நோயாளிகள் வந்த பிறகும் போகாமல் மேசைக்குப் பின்னால் நின்றார். மருந்து ஊற்றும்போது கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

என் மீதுதான் சந்தேகம் என்று நினைத்தேன். மருந்தைத் திருடுகிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்களோ? கேட்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அழுதேன். "சந்தேகப்படுற எடத்துல இருக்காத. எழுதிக் குடுத்துட்டு வந்துடு" என்றார். வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த நாள் வந்தது.

ரயிலில் வந்த மருந்துப் பார்சலை எடுக்க ஐயா காலையிலேயே ஜீப்பில் பொம்மிடிக்குப் போய்விட்டார். நான் உள்ளறையில் ஒரு பெரியவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியறையில், மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பெண் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு நான்கு நாட்களாக வெளிக்குப் போகவில்லை. துரைசானியம்மா குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதும், "பயப்படாத, மருந்து குடுத்தா செரியாயிடும்" என்பதும் கேட்டது.

அடுத்த நிமிஷம் ஒரு வாசனை வந்தது. சொறிசிரங்குக்கு உடம்பில் பூசுகிற மருந்தின் நெடி. அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும். மலச்சிக்கலுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தும் வெள்ளைதான். ஆனால் இந்த நெடி வேறு எதற்கும் கிடையாது. சிரங்குக்காரர் யாரும் அன்று வரவில்லையே என்று நினைத்ததும் கையிலிருந்த கட்டுத் துணியைக் கீழே போட்டேன்.

ஓடினேன். குழந்தையின் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு துரைசானியம்மா சின்னக் கண்ணாடிக் குவளையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டிவிட்டேன். குவளை சுவரில் பட்டு உடைந்தது. ஆனால் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டிருந்தது. குழந்தை வீரிட்டது. இருமியது. கொஞ்ச நேரத்தில் கண் மேலே செருகி, கை கால் இழுக்கத் தொடங்கியது.

"அய்யோ, எம் பாப்பாவுக்கு என்னா குடுத்தீங்க!" என்று தாய் அலறினாள்.

துரைசானியம்மா கீழே கிடந்த குவளைத் துண்டை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் சிவந்தது. என்னை நேராகப் பார்த்து, நான் அதுவரை கேட்டிராத கடுமையோடு கேட்டார்:

"யாரு குடுத்தது இத? கொழந்தைக்கு இத யாரு குடுத்தது?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சில நிமிஷங்களுக்கு முன்னால் தன் கை செய்தது அவருக்குள் எங்குமே இல்லை.

பதில் சொல்ல நேரமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் தாயும் சாலைக்கு ஓடினோம். புளிமூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. "ஏறுங்க சிஸ்டர்" என்று டிரைவர் கதவைத் திறந்தார். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் எங்கும் நிறுத்தவில்லை. அங்கே டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் குழந்தை கண் விழித்துப் பாலுக்கு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபின்தான் நான் வராந்தாவில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் திரும்பியபோது ஐயா வாசலிலேயே நின்றிருந்தார்.

"குழந்தை உயிரோடு இருக்கிறதா?"

"இருக்குதுங்க. ஐயா, அம்மாவுக்கு என்னாங்க ஆச்சு? அவுங்களே குடுத்துட்டு, யாரு குடுத்ததுன்னு என்னக் கேக்குறாங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். ஏழெட்டு மாதமாகத் தெரியும். ஆகையால்தான் நான் தினமும் பாட்டில்களைப் பார்த்தேன். உங்களை அல்ல. அவளை."

நான் திகைத்துப்போனேன். திருட்டுப் பட்டம் என் மீது இல்லை என்கிற நிம்மதி ஒரு கணம். அடுத்த கணம் உடம்பெல்லாம் எரிந்தது.

"தெரிஞ்சுமா உக்கார வெச்சீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பக்கத்துலயே நின்னுருப்பேனே! நேத்து அந்தப் பாப்பா செத்துருந்தா?"

"சபைக்கு எழுதினால் எங்களைத் திரும்ப அழைப்பார்கள். அங்கே அவள் ஒரு நாற்காலியில் உட்காருவாள், அவ்வளவுதான். இங்கே அவள் காலையில் எழுந்ததும் அவளுக்கு வேலை இருக்கிறது." பிறகு சொன்னார்: "நான் தவறு செய்தேன்."

வயதில் என் அப்பாவைவிடப் பெரியவர். அவரிடம் அப்படிக் கத்தியது அன்றைக்குத் தவறாகத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. மருந்து அலமாரியின் சாவியை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

துரைசானியம்மா அலமாரி பூட்டியிருப்பதைப் பார்த்து என்னிடம் வந்தார். "சாவி எங்க?" என்றார். நான் மறைக்கவில்லை. மெதுவாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் "கொழந்தை?" என்றார். "நல்லாருக்குதும்மா" என்றேன்.

பிறகு கணவரிடம் திரும்பி ஆங்கிலத்தில், எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். அவர் சொன்னார். துரைசானியம்மாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. தன் ஞாபகம் போவதைவிட, நாற்பது வருஷம் கூட இருந்தவர் அதைத் தன்னிடமே மறைத்தார் என்பதுதான் அவருக்குப் பேரிடி. இரண்டு நாட்கள் அவர் ஐயாவிடம் பேசவில்லை. ஐயா கொண்டுவந்து வைத்த காப்பி கட்டிலருகே ஆடை படர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள், "அந்தக் கொழந்தை ஊருக்குப் போவணும்" என்றார். ஐயா ஜீப்பை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். சாமைக் கொல்லை ஓரத்தில் நின்று குழந்தையின் அப்பனிடம் துரைசானியம்மா தன் வாயாலேயே சொன்னார்: "தப்பு என்னுது. எனக்கு மறதி வந்துடுச்சு. மருந்து மாத்திக் குடுத்துட்டேன். மன்னிச்சிக்குங்க."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் கண்ணில் கனிவு இல்லை. "நீங்க பெரியவுங்க. உங்கள நான் ஒண்ணும் சொல்லலிங்க. ஆனா இனி எங்க ஊரு சனம் உங்ககிட்ட வராதுங்க."

சொன்னபடியே வரவில்லை. அடுத்த பல புதன்கிழமைகளில் நாங்கள் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

என் பையில் இருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இனி அந்த மருந்தகத்தில் மருந்து கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை. துரைசானியம்மா புண் கழுவினார், குழந்தைகளுக்கு நகம் வெட்டினார், எடை போட்டார். கொஞ்ச காலம் அது நன்றாகவே நடந்தது. ஐயா சபைக்கு உண்மையை எழுதினார். கனடாவில் இருந்த மகன் வந்து அழைத்துப் போவான் என்று பதில் வந்தது. வேலையில் விடுப்பு, கப்பல், பாஸ்போர்ட் என்று அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்குள் துரைசானியம்மாவின் தமிழ் போய்விட்டது. ஒரு நாள் வரிசையில் நின்ற பெண் ஏதோ கேட்க, அவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. ஒரு வாரம் ஆங்கிலம் பேசினார். அப்புறம் ஆங்கிலமும் இல்லாத ஏதோ ஒரு பாஷை. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைவிட மிரண்டுபோயிருந்தார்.

"இது நார்வே மொழி. அவளுடைய தகப்பனும் தாயும் அங்கேயிருந்து குடியேறியவர்கள். சிறு வயதில் வீட்டில் பேசியது. என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காமலே, "அவள் என்ன சொல்லுகிறாள்?" என்று என்னிடம் கேட்டார்.

கட்டிய மனைவி பேசுவது புரியாமல் ஒரு கிழவர் ஊமைபோல் எதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சமையற்காரம்மாள்தான் வழி சொன்னார். "எங்க அத்தைக்கும் கடசீல இப்பிடித்தான் சிஸ்டர். தமிழு போயி கன்னடம் வந்துச்சு. அதுவும் பாதி வெளங்காது. என்னா கேட்டாலும் 'ஹவுதம்மா, ஹவுது'ன்னு தலையாட்டுவேன். ஆமான்னு சொல்லிட்டா மனசு அடங்கிடும்."

நாங்களும் அப்படியே செய்தோம். துரைசானியம்மா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, எங்களில் யார் போனாலும் துணியைப் பிடித்து இழுத்து, "பாரேன்" என்பதுபோல் ஒரு சொல்லும் அதன் பின்னால் இன்னொரு சொல்லும் சொல்லுவார். பாரேன் என்று தமிழ்தான் மிச்சமிருந்து வருகிறது என்று எங்களுக்குச் சந்தோஷம். அவர் பார்க்கும் திசையில் நாங்களும் பார்த்து, "ஆமாம்மா, பாத்தோம், ஆமா" என்று சிரித்துத் தலையாட்டுவோம். ஐயாவும் தலையாட்டுவார். ஆனால் துரைசானியம்மாவின் மனசு மட்டும் அடங்கவில்லை. பல சமயம் முகத்தை மூடிக்கொண்டு அழுவார். நோயின் குணம் என்று விட்டுவிட்டோம்.

மகன் ஒரு மத்தியான வேளையில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். தாய் அவரை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை; ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு அதே சொற்களைச் சொன்னார். வழக்கம்போல் நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினோம்.

மகனின் முகம் வெளுத்துவிட்டது. சின்ன வயதில் தாயின் பெற்றோரிடம் வளர்ந்ததால் அவருக்கு அந்த மொழி தெரியும்.

"ஏன் ஆமாம் என்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அவர் என்ன கேட்கிறார் தெரியுமா? குழந்தை செத்துப்போய்விட்டதா என்று கேட்கிறார். எந்தக் குழந்தை?"

எங்கள் காதுக்குப் பாரேன் என்று கேட்டது அவர்கள் மொழியில் குழந்தை.

ஐயா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என்னவென்று கேட்ட சமையற்காரம்மாளுக்கு நான் தமிழில் சொன்னபோது, அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து மாதம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! குழந்தை செத்துவிட்டதா என்று அவர் கேட்க, ஆமாம் ஆமாம் என்று சிரித்த முகத்தோடு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் காலையிலேயே ஐயாவும் நானும் அந்த ஊருக்குப் போனோம். குழந்தையின் அப்பன் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். நான் நடந்ததைச் சொன்னேன். அவன் உள்ளே பார்த்துப் பெண்டாட்டியிடம், "பாப்பாவத் தூக்கிக்கிட்டு வண்டில ஏறு" என்றான். அவனும் ஏறிக்கொண்டான்.

மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்குழந்தை வெள்ளைக்காரியைப் பார்த்ததும் வீடே அதிர அழுதது. அந்த அழுகைக்குத் துரைசானியம்மா நிமிர்ந்தார். குழந்தையைத் தன் முன்னால் நிற்கவைத்து, கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றில் விரல்களை வைத்து அமுக்கினார். கை எல்லாவற்றையும் வரிசை மாறாமல் செய்தது. பிறகு மகனிடம் ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாங்க?" என்றாள் தாய், பயத்தோடு.

மகன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "நெறையத் தண்ணி குடுக்கச் சொல்றாங்க."

அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் துரைசானியம்மா என் முந்தானையைப் பிடித்து மறுபடியும் கேட்டார். மகன் எங்கள் மூவரையும் கூப்பிட்டு ஒரு சொல் கற்றுக்கொடுத்தார். "லேவெர்." உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் கிளம்பும் வரை மூன்று வாரம், அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னோம். ஐயா சொன்னார், நான் சொன்னேன், சமையற்காரம்மாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். அதைக் கேட்டதும் துரைசானியம்மா முந்தானையை விட்டுவிடுவார். நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

அவர்கள் போன இரண்டாம் வருஷம் ஐயாவிடமிருந்து கடிதம் வந்தது. துரைசானியம்மா காலமாகிவிட்டார். கடைசி வாரம்வரை அந்தக் கேள்வியைக் கேட்டார் என்றும், தான் பதில் சொன்னதாகவும் எழுதியிருந்தார்.

மருந்தகம் மூடப்பட்டு நான் அரசாங்க வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு சந்தை நாளில் பாப்பாரப்பட்டி பஸ் நிறுத்தத்தில் குழந்தையின் அப்பனைப் பார்த்தேன். தலையில் சாமை மூட்டை.

"தொரசானியம்மா எப்பிடி இருக்காங்க சிஸ்டர்?"

"தவறிட்டாங்கங்க."

அவன் மூட்டையை இறக்கிவைத்தான். "கடசீ வரைக்கும் எங்க பாப்பாவக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னா சொன்னாங்க அவுங்ககிட்ட?"

"உசுரோட இருக்குதுன்னு சொன்னாங்க."

"அப்ப செரிங்க" என்றான். பஸ் வந்தது. மூட்டையைத் தூக்க நான் ஒரு பக்கம் கை கொடுத்தேன்.